வந்தியின் பங்கு

மதுரைக்கு வரும் அன்பர்கள் பலரும் பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்று அமர்ந்து, அன்னை மீனாட்சியைக் கண்குளிரத் தரிசித்து, சொக்கநாதப் பெருமானை வணங்கி, கையில் குங்குமமும் விபூதியுமாக அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். தரிசனத்துக்கு அது போதும். ஆனால் மதுரை தரிசனத்துக்கு மட்டுமே உரிய தலம் அன்று. தொண்டு என்பது யாது என்று அறிந்துகொள்ளவும் உரிய தலம். திருக்கோயிலுக்குள் ஓர் இடம், கிழக்கே ஒரு சிற்றூர், வைகைக் கரையில் ஒரு தோப்பு, வடக்கே ஒரு மலையடிவாரம். இந்த நான்கையும் நிதானமாகக் கண்டு வருவோர்க்கு மதுரை ஒரு பாடத்தைச் சொல்லித் தருகிறது.

அறுபது வயதைக் கடந்தோர் அந்தப் பாடத்தை அவசியம் கேட்க வேண்டும். நம்மில் பலருக்கும் மனத்துக்குள் ஒரு குறை இருக்கிறது. உழவாரப் பணிக்குக் குனிய இடுப்பு இடம் கொடுப்பதில்லை. கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றால் கால் வீங்குகிறது. கிரிவலம், அங்கப்பிரதட்சிணம் எல்லாம் பழைய நினைவுகளாகிவிட்டன. உடம்பில் வலு இருந்த காலத்தில் அலுவலகமும் குடும்பமும் நேரத்தை எடுத்துக்கொண்டன. நேரம் கைக்கு வந்த காலத்தில் உடம்பு பின்வாங்கிவிட்டது. ‘இனி ஆண்டவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்காத முதியவர் அரிது. அந்தக் கேள்விக்கு மதுரை வைத்திருக்கும் விடையைத் தேடித்தான் இந்தப் பயணம்.

சந்தனக் கல்லில் தேய்ந்த முழங்கை

முதலில் சொக்கநாதர் சந்நிதிப் பிராகாரத்துக்குச் செல்வோம். அங்கே வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரைப் பெரும்பாலோர் ஒரே கும்பிடாகக் கும்பிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். அந்த வரிசையில் மதுரை மண்ணிலேயே பிறந்து, இந்தக் கோயிலிலேயே தொண்டு செய்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் மூர்த்தி நாயனார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் ஒரு சருக்கத்தையே இவர் பெயரை முன்வைத்துத் தொடங்குகிறார். அதுவே ‘மும்மையால் உலகாண்ட சருக்கம்’.

மூர்த்தியார் வணிகர் குலத்தவர். அவர் செய்த தொண்டு ஒன்றே ஒன்று. சொக்கநாதருடைய திருமேனிக்கு நாள்தோறும் சந்தனக் காப்பு அளிப்பார். அவர் கோயில் கட்டவில்லை, குளம் வெட்டவில்லை, பதிகம் பாடவில்லை. ஒரு சிறு பணியை எடுத்துக்கொண்டார்; அதை ஒரு நாளும் விடவில்லை. அவ்வளவுதான்.

அந்நாளில் கருநாடக மன்னன் ஒருவன் படையெடுத்து வந்து மதுரையைக் கைப்பற்றினான். சமண சமயத்தைச் சார்ந்திருந்த அவன், சிவனடியார்களுக்கு இடையூறுகள் பல செய்தான். மூர்த்தியாருக்குச் சந்தனக் கட்டை எங்கும் கிடைக்காதபடி தடை செய்தான். ஒரு நாள் நகர் முழுவதும் அலைந்தும் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. சமயப் பகை என்றோ முடிந்த கதை. அதை நாம் இன்று சுமக்க வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது, வெறுங்கையோடு கோயிலுக்கு வந்து நின்ற அந்த அடியாரின் மனத்தை.

‘சந்தனம் கிடைக்கவில்லை, நான் என்ன செய்வேன்? ஆண்டவன் அறிவான்’ என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சமாதானத்தை உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும். நாமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்போம். மூர்த்தியாரோ, ‘சந்தனத்துக்குத்தானே தடை? அரைக்கும் கைக்குத் தடை இல்லையே!’ என்று எண்ணினார். சந்தனக் கல்லின் மீது தம் முழங்கையை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். தோல் கிழிந்தது, சதை தேய்ந்தது, எலும்பு வெளிப்பட்டது. அவர் நிறுத்தவில்லை.

நிறுத்தியவர் இறைவன். ‘அன்பின் மிகுதியால் இதனைச் செய்யாதே, உனக்குத் துன்பம் செய்தவன் கொண்ட நாட்டை நீயே பெற்று ஆள்வாய்’ என்ற பொருளில் ஒரு திருவாக்கு எழுந்தது என்கிறது புராணம். தேய்ந்த கை முன்போலவே ஆயிற்று. அன்றிரவே மன்னன் இறந்தான்; அவனுக்கு மகன் இல்லை. அமைச்சர்கள் யானையின் கண்ணைக் கட்டி, அது யாரை எடுத்துவருகிறதோ அவரே அரசர் என்று விடுத்தார்கள். யானை வீதிகளில் திரிந்து, திருக்கோயில் வாயிலில் நின்ற மூர்த்தியாரின் முன் தாழ்ந்து, அவரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது.

அரசு கைக்கு வந்தபோதும் அவர் மனம் மாறவில்லை. ‘நான் ஆள வேண்டுமானால் திருநீறே எனக்கு அபிஷேகம், உருத்திராக்கமே அணிகலன், சடாமுடியே மணிமுடி’ என்றார். இந்த மூன்றினால் உலகை ஆண்டதனால்தான் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் அவரை ‘மும்மையால்’ என்ற அடையோடு போற்றுகிறார். ஆடி மாதக் கார்த்திகை இவருடைய குருபூஜை நாள்.

இந்த வரலாற்றில் நாம் பெரும்பாலும் முழங்கையை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறோம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இறைவன் அந்த முழங்கையைக் கேட்கவில்லை. கொடுக்க வந்தபோது ‘வேண்டாம்’ என்று தடுத்தார். அடியாரின் உடம்பு நோவதில் ஆண்டவனுக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. மிச்சம் வைக்காத மனம் ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கண்ட கணமே கையைக் காப்பாற்றிவிட்டார். முழங்கால் வலியோடு படியேறத் துன்பப்படும் முதியோர், இந்தச் சந்நிதியில் நின்று இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாதவூரரின் கணக்கு

அடுத்த இடத்துக்குச் செல்ல, மேலூர்ச் சாலையில் கிழக்கு நோக்கிப் புறப்பட வேண்டும். நகரத்தைக் கடந்ததும் இடப்புறம் யானைமலை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை போலவே காட்சி தரும். ஒத்தக்கடையில் பிரிந்து, திருமோகூர் காளமேகப் பெருமாளைச் சேவித்து, வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் இடையே சென்றால் திருவாதவூர். திருமறைநாதரும் வேதநாயகி அம்மையும் எழுந்தருளியுள்ள இவ்வூரில்தான் மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்தார். கோயிலில் கூட்டம் குறைவு. முதியோர் அமர்ந்து தியானிக்க ஏற்ற அமைதி அங்கே உண்டு.

வாதவூரர் பாண்டிய மன்னன் அரிமர்த்தனனிடம் அமைச்சராக இருந்து, ‘தென்னவன் பிரமராயன்’ என்னும் பட்டம் பெற்றவர். குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளோடு கீழைக் கடற்கரைக்குப் புறப்பட்டவர், வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவடிவில் அமர்ந்திருந்த சிவபெருமானைக் கண்டார். உபதேசம் பெற்றார். கையிலிருந்த பொருளைத் திருப்பணிக்கும் அடியார்களுக்கும் செலவிட்டார். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலே அந்தத் திருப்பெருந்துறை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதி வாழ்ந்தவன் நான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் மனம் சற்று நின்றுதான் நகரும். அரசாங்கத்துப் பொருளைக் கோயிலுக்குச் செலவிடுவது முறையா? பக்தர்கள் பலர் இக்கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள். புராணம் தயங்கவில்லை. குதிரை எங்கே என்று அரசன் கேட்டான். இறைவனே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தார். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு ஓடின. அரசன் கணக்கில் குதிரையும் இல்லை, பொருளும் இல்லை. வாதவூரரை வைகையின் சுடுமணலில் நிறுத்தித் துன்புறுத்தினார்கள்.

இதைக் கூர்ந்து பாருங்கள். ‘என் அடியான் செலவிட்ட பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது’ என்று இறைவன் சொல்லவில்லை. வைகையில் வெள்ளம் பெருகச் செய்தார். அந்த வெள்ளத்தை அடைக்கக் கூலியாளாகத் தாமே வந்தார். அடியவருக்காகத் தம் முதுகில் அடி வாங்கினார். அதன் பின்னரே அரசன் உண்மையை உணர்ந்து வாதவூரரை வணங்கி விடுவித்தான். அடியாரின் கணக்கை ஆண்டவன் தம் திருமேனியால் தீர்த்தார் என்றே நான் கொள்கிறேன்.

நமக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. வாதவூரருக்கு நேர்ந்தது அவருக்கே உரியது. குரு நேரில் வந்து ஆட்கொண்ட பெரியவர் அவர். நம்மைப் போன்றோர் தம் சொந்தப் பொருளிலிருந்தே தொண்டு செய்ய வேண்டும். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஏற்றும் ஒரு விளக்கு, ஊரார் பணத்தில் ஏற்றும் நூறு விளக்கை விட நிம்மதியாக எரியும். ஆனி மாத மகம் மாணிக்கவாசகர் குருபூஜை நாள். அந்நாளில் திருவாதவூருக்கு வருவது பெரும்பேறு.

உதிர்ந்த பிட்டே கூலி

வாதவூரர் பொருட்டுப் பெருகிய அந்த வெள்ளத்தின் கதை நம்மை மீண்டும் மதுரைக்கு, வைகைக் கரைக்கு அழைத்து வருகிறது. 1959-இல் மேற்கே வைகை அணை திறக்கப்பட்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதியும் மதுரையில் ஆற்று மணலைத்தான் காண்கிறோம். கரை உடைத்து ஊருக்குள் பாய்ந்த வெள்ளத்தை நாம் மனத்தால்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆரப்பாளையத்துக்கு அருகே உள்ள புட்டுத்தோப்பு அதற்கு உரிய இடம்.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் 64 திருவிளையாடல்களில் 61-ஆவது, இறைவன் மண் சுமந்தது. கரையை அடைக்க அரசன் ஆணையிட்டான். வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்தார்கள். வலுவுள்ளோர் தாமே அடைத்தார்கள். வசதியுள்ளோர் கூலிக்கு ஆள் வைத்தார்கள். வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது. பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள் அவள். நாள்தோறும் முதல் பிட்டைச் சொக்கநாதருக்கு நிவேதனம் செய்துவிட்டே விற்பாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, மண் சுமக்க உடம்பில் வலுவும் இல்லை. கூலிக்கு ஆள் தேடினால், ஊரெல்லாம் கரையில் இருக்க, ஆள் எங்கே கிடைக்கும்?

சொக்கனை நினைத்து அவள் கலங்கி நின்றபோது, தலையில் கூடையும் தோளில் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் வந்தான். ‘கூலிக்கு ஆள் வேண்டுமா?’ என்று கேட்டான். கொடுக்கக் காசில்லை என்றாள். பிட்டே கூலியாகட்டும் என்றான். உதிர்ந்த பிட்டு மட்டும் போதும் என்று அவன் கேட்டதாகவும், அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே விழுந்ததாகவும் மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லி மகிழ்வார்கள். உண்டான், சிறிது மண் வெட்டினான், ஆடினான், பாடினான், கூடையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்கிவிட்டான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. பார்வையிட வந்த பாண்டியன் சினந்து பொற்பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், அமைச்சர், மக்கள், எல்லா உயிர்களின் மீதும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு அந்தக் கூலியாள் மறைந்தான். கரை அடைபட்டது, வெள்ளம் தணிந்தது. வந்தியைச் சிவகணங்கள் விமானத்தில் ஏற்றிச் சிவலோகம் சேர்த்தார்கள். மாணிக்கவாசகப் பெருமானே திருவாசகத்தில் திருவம்மானையில் இந்தத் திருவிளையாடலைப் போற்றியிருக்கிறார்.

இதனை ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் கண்ணாரக் காணலாம். அன்று சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். திருப்பரங்குன்றத்து முருகப் பெருமான் வருவார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். தங்கக் கூடையும் தங்க மண்வெட்டியுமாக இறைவன் மண் சுமக்கும் கோலம் நிகழும். மற்ற நாள்களில் நாம் அவரைத் தேடிக் கோயிலுக்குப் போகிறோம். அன்று அவர் கோயிலை விட்டு, ஒரு பிட்டுக்காரியின் வீடு இருந்த திசை நோக்கிப் புறப்படுகிறார். எத்தனை பெரிய கருணை!

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருவிழா நாளில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சுவாமி செல்லும் வழியில், ஒரு சிறு வீட்டின் வாசற்படியில் எண்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறையப் புட்டு. போவோர் வருவோர்க்கெல்லாம் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் வாங்கிக்கொண்டு, “நீங்க சாமி பார்க்கத் தோப்புக்குப் போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“கால் நடக்க மாட்டேங்குதுய்யா. சாமி இந்த வழியாத்தான வரும். வந்தா அதுக்கும் பசிக்கும்ல?” என்றார்.

சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இலையை நீட்டினார். தாம் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்டதாக அவர் நினைக்கவே இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு கையிலும் அந்தக் கூலியாளின் கை இருக்கலாம் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது.

அழகர் வரும் வழியில்

வைகைக் கரை சைவர்களுக்கு மட்டும் உரியதன்று. சித்திரைப் பௌர்ணமியில் கள்ளழகர் இதே ஆற்றில்தான் இறங்குகிறார். அவர் புறப்படும் அழகர்கோவிலே நம் பயணத்தின் நிறைவிடம். மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில், திருமாலிருஞ்சோலை மலையின் அடிவாரத்தில் சுந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மலைமேல் நூபுர கங்கை. வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசுவாமி. நூபுர கங்கை வரை ஏற முடியாதோர் அடிவாரத்துச் சந்நிதியிலேயே மனநிறைவு பெறலாம்.

இத்தலத்துப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அவள் அரங்கனோடு கலந்துவிட்டாள். சில நூற்றாண்டுகள் கழிந்து வந்த இராமானுசர், அந்த நேர்த்தியைத் தம் கடமையாகக் கொண்டு இங்கே நிறைவேற்றினார். பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்ததாக வைணவ மரபு போற்றுகிறது. தங்கையின் நேர்த்தியைத் தீர்ப்பவன்தானே அண்ணன்! ஒருவர் உள்ளன்போடு தொடங்கி முடிக்க இயலாமற்போன தொண்டு வீணாவதில்லை. அதை முடிக்க ஒருவரை இறைவன் அனுப்பிவைக்கிறார். அங்கே வந்திக்கு ஒரு கூலியாள். இங்கே கோதைக்கு ஓர் அண்ணன்.

சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரை வரும் வழி நெடுகிலும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் பெருமாள் சில நிமிடமே நிற்பார். அந்தச் சில நிமிடத்துக்காக ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் காத்திருக்கும். வெயிலில் வரும் பெருமாளுக்காகத் தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவோர் ஒருபுறம். அவரோடு வரும் மக்களுக்குப் பானகமும் நீர்மோரும் வழங்குவோர் ஒருபுறம். கரையை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்தது போலவே, இந்த வழியும் அன்பர்களிடையே பங்கு பங்காகப் பிரிந்து கிடக்கிறது. தன் பங்கைப் பிறரிடம் தள்ளிவிட ஒருவருக்கும் மனமில்லை.

நம் பங்கு

நான்கு இடங்களையும் கண்டபின் மதுரை சொல்லும் பாடம் தெளிவாகிறது. மூர்த்தி நாயனார் தம் உடம்பையே கொடுக்க முன்வந்தார். இறைவன் ‘வேண்டாம்’ என்றார். வந்தியிடம் கொடுக்க உடம்பில் வலுவில்லை. இறைவன் தம் உடம்பையே கொடுத்தார். ஒருவர் வணிகர், பின்னர் அரசர். மற்றவர் பிட்டு விற்ற ஏழை மூதாட்டி. செல்வமும் வலுவும் இருவருக்கும் ஒன்றல்ல, மனம் ஒன்று. தமக்கு விதித்த சிறு பணியை இருவரும் ஒரு நாளும் விடவில்லை. வந்தி அன்று திடீரென இறைவனை அழைத்தவள் அல்லள். அதற்கு முன் எத்தனையோ காலைகளில் முதல் பிட்டை அவருக்கு எடுத்துவைத்தவள். வந்த கூலியாள் பழைய உறவுக்காரர்தான்.

ஆகவே, ‘என்னால் என்ன முடியும்?’ என்று மனம் தளர வேண்டியதில்லை. நாள்தோறும் தவறாமல் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். வீட்டு வாசலில் பூத்த நான்கு நந்தியாவட்டைப் பூவைப் பறித்து அருகில் உள்ள பிள்ளையாருக்கு அனுப்புவதாக இருக்கலாம். ஒரு திருப்பதிகம் ஓதுவதாக இருக்கலாம். வெயில் காலத்தில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைப்பதாக இருக்கலாம். அளவு சிறிதாயினும் அதைப் பிறர் தலையில் போடாமல், பிறர் பொருளில் செய்யாமல், மிச்சம் வைக்காத மனத்தோடு செய்வோம். முடிந்த மட்டும் நம் பங்கை அடைப்போம். முடியாத இடத்தில், தலையில் கூடையோடு வந்து நிற்க மதுரைச் சொக்கன் இருக்கிறான்.

மதுரை வரும் அன்பர்கள் ஆனி மகம், ஆடிக் கார்த்திகை, ஆவணி மூலம் ஆகிய நாள்களில் ஒன்றையேனும் நினைவில் வைத்து வாருங்கள். அன்னை மீனாட்சியும் சொக்கநாதப் பெருமானும், மலையில் நின்ற அழகனும் உங்கள் ஒவ்வொருவர் தொண்டையும் ஏற்று அருள்வார்களாக!